தடாகத்துச் செம்மண்ணுக்கும் டீக்கடைக்கும் ஒரே டவுசர்: மூன்று வாங்கிய பிறகு எழுதுகிறேன்

மலைச் சைக்கிளுக்கென்று தனியாக டவுசர் வாங்கப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, இருக்கற அஞ்சுல என்ன கொறை?" நியாயமான கேள்விதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு இரண்டரை வருடமும் மூன்று டவுசரும் ஒரு உள்டவுசரும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஆயின. அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போட்டிக்கு ஓட்டுகிற ஆள் இல்லை. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரை ஒட்டிய துடியலூரிலிருந்து கிளம்பி, கணுவாய் வழியாக சின்னத்தடாகம் பக்கம், உடம்பு கேட்டால் ஆனைகட்டி ரோட்டில் இன்னும் கொஞ்சம். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைக்காக மண் எடுத்து எடுத்து அங்கங்கே பள்ளமும் மேடுமாகக் கிடக்கிறது. ஊருக்கு அது ஒரு சோகக் கதை, அது வேறு. அதன் ஓரமாகப் போகிற வண்டிப்பாதைகளிலும் தோட்டத்து வரப்புகளிலும் ஓட்டுவதுதான் எங்கள் 'ட்ரெயில்'. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது, போவதும் இல்லை. யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்புவது. திரும்பி வரும்போது டீக்கடை, அப்புறம் பால் சொசைட்டி, சில வாரம் கறிக்கடை, சில வாரம் மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிவருவது. ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு உலகத்துக்கும் ஒத்துவருகிற ஒரே டவுசர்.

இன்னொன்று. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பதினாலு வருடமாக, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் வேலை. துணியைத் தொட்டால் ஜி.எஸ்.எம். எவ்வளவு, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், என்று விரல் தானாகக் கணக்குப் போடும். ஒரு வேளை அதனால்தான் ஒரு டவுசருக்கு இவ்வளவு எழுதுகிறேன். நான் வாங்கியவற்றின் மாடல் பெயர்களைச் சொல்லப் போவதில்லை, அதற்கும் தொழில்தான் காரணம். போன சீசனில் ஒரு பெயரில் வந்த டவுசர், இந்த சீசனில் அதே பெயரில், அதே படத்தோடு, வேறு துணியில் வரும். விலையை இறக்க வேண்டுமென்றால் முதலில் கைவைப்பது துணியில்தான். நான் ஒரு பெயரைச் சொல்லி, நீங்கள் அதை வாங்கி, அது வேறு ஏதோவாக இருந்தால் திட்டு எனக்கு விழும். எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பெயர் தேவைப்படாது.

முதல் டவுசர் சைக்கிளுக்கானதே இல்லை. பஜாரில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய காட்டன் கார்கோ, பக்கத்துக்கு மூன்று என்று ஆறு பாக்கெட். சாய்வரி நெசவில் வரும் தடிமனான ட்வில் துணி, 260 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாது. 'தடியாக இருக்கிறது, முள்ளுக்குத் தாங்கும்' என்றுதான் எடுத்தேன். அதில் தப்பில்லை, சீமைக்கருவேல முள் அதை ஒன்றும் செய்யவில்லை. செய்தது சைக்கிள் சீட்.

சாதாரணப் பேன்ட், டவுசர் எல்லாவற்றிலும் நாலு தையல் ஒரே புள்ளியில் வந்து சேரும், இரண்டு காலின் உட்தையல், முன்பக்கத் தையல், பின்பக்கத் தையல். அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது? சரியாகக் கவட்டியில், சீட்டின் மூக்கு படுகிற இடத்தில். தடித்த ட்வில்லில் நாலு தையல் மடிப்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறினால் அது ஒரு சின்னப் புளியங்கொட்டை அளவுக்கு முடிச்சாகிவிடும். அதன்மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மிதித்துப் பாருங்கள். அப்புறம் வியர்வை. காய்ந்த பருத்தி நூறு கிராம், சும்மா காற்றில் இருக்கிற ஈரத்திலேயே ஏழெட்டு கிராம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதுவே நைலான் நாலு கிராம், பாலியஸ்டர் அரை கிராம் கூட இல்லை. இது வியர்வைக்கு முந்தைய கணக்கு. வியர்த்த பிறகு காட்டன் டவுசர் தொடையில் ஒட்டி, மிதிக்கும்போது முட்டியைப் பிடித்து இழுக்கும். முட்டி மேலே வரும்போது துணி கூட வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ ஓர் இடத்தில் அது தன் கோபத்தைக் காட்டும்.

காட்டியது. ஒரு சின்ன இறக்கம், பெடலில் எழுந்து நின்று, உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி இறங்கி, மறுபடி உட்காரப் போகும்போது தொளதொளவென்று தொங்கிய கவட்டித் துணி சீட்டின் மூக்கில் மாட்டிக்கொண்டது. நான் முன்னால் வர, டவுசர் வரவில்லை. டர்ரென்று ஒரு சத்தம். விழவில்லை, அது பெரிய விஷயம், ஏனென்றால் இறக்கத்தில் இப்படி மாட்டினால் ஆளே தலைகுப்புறப் போகலாம். டீக்கடையில் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "தம்பி, காத்தோட்டமா இருக்குதுங்களா?" என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

கூட ஓட்டுகிற நண்பர்கள் உடனே சொன்ன தீர்வு, உடம்போடு ஒட்டிக்கொள்கிற லைக்ரா டவுசர். தார் ரோட்டில் நூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்கு அதை மிஞ்சியது எதுவும் இல்லை, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்ணிச்செடிப் புதருக்கு நடுவில் போகிறவனுக்கு அது ஆகாது, ஒரே கீறலில் பின்னல் ஓடிப்போகும். அதைப் போட்டுக்கொண்டு பால் சொசைட்டி வரிசையில் நிற்கவும் எனக்குத் தைரியம் கிடையாது. ஒருமுறை நண்பன் ஒருவன் அப்படியே கறிக்கடைக்கு வந்தான். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் நினைவில் இருக்கிறது.

மலைச் சைக்கிள் பிறந்த இடத்தில் யாரும் லைக்ரா போடவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில் 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்று ஒரு மலையிறக்கப் பந்தயம் தொடங்கினார்கள். பழைய கனமான சைக்கிள்கள், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு இறக்கம் இறங்கி முடிப்பதற்குள் பிரேக் இருக்கிற ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர். அவர்கள் போட்டிருந்தது ஜீன்ஸும் தடித்த பூட்ஸும். கீழே விழுந்தால் தோல் போகக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் யோசித்த ஃபேஷன்.

இரண்டாவது டவுசர் ஆன்லைனில், 1,899 ரூபாய். படத்தில் ஆள் காற்றில் பறந்துகொண்டிருந்தார். 'எம்.டி.பி. ஷார்ட்ஸ், 3டி பேட் உடன்' என்று போட்டிருந்தது. எம்.டி.பி. என்றால் மலைச் சைக்கிள், பேட் என்றால் உட்காருகிற இடத்தில் வைக்கிற மெத்தை. வந்ததும் துணியைத் தொட்டேன். பாலியஸ்டர், லேசானது, பரவாயில்லை. உள்ளே மெஷ் வலை, அதில் பேட், எல்லாம் வெளி டவுசரோடு சேர்த்துத் தைத்திருந்தது. வாங்கும்போது எனக்கு இதுதான் வசதி என்று தோன்றியது. ஒரே விலையில் இரண்டு வேலை! இதைத்தான் யாரும் வாங்க வேண்டாம் என்று இப்போது சொல்கிறேன். தினசரி உடுத்தவும் வேண்டும் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

பேட் உள்ள உடுப்பு தோலோடு ஒட்டி இருக்க வேண்டும், அசையக் கூடாது. தொளதொள டவுசரில் தைத்த பேட் டவுசர் போகிற பக்கமெல்லாம் போகும். நான் இடப்பக்கம் சாய்ந்தால் அது வலப்பக்கம். இரண்டாவது மணி நேரத்தில் பேட்டின் ஓரம் தொடை இடுக்கில் உரச ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் நான் நடந்த நடையைப் பார்த்து என் மகள் "அப்பா பென்குவின்" என்றாள். சைக்கிளை விட்டு இறங்கினாலோ இன்னும் மோசம். பின்னால் குழந்தைக்கு டயப்பர் கட்டியது மாதிரி ஒரு புடைப்பு, நடந்தால் மெத்தை அமுங்குகிற உணர்வு. பேட்டைக் கழற்றவும் முடியாது. துவைத்தால் வெளித்துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், பேட் காயாது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் கொடியில் கிடந்து, மூன்றாவது நாள் ஒரு வாசனை வந்தது. அதற்குமேல் விவரிக்க விரும்பவில்லை.

அதன் இடுப்புப் பட்டியில் இரண்டு பக்கமும் வெல்க்ரோ. இடுப்பைக் கூட்டிக் குறைக்க நல்ல ஏற்பாடு என்று சொல்வார்கள், முதல் ஆறு மாதம் நல்ல ஏற்பாடுதான். வெல்க்ரோவை மூடாமல் வாஷிங் மெஷினில் போட்டால் கூட இருக்கிற பனியனையெல்லாம் பிறாண்டி வைக்கும். என் மகளின் பள்ளி ஸ்வெட்டர் ஒன்று அப்படிப் போனது. பஞ்சும் நூலும் ஏறிய பிறகு அதன் பிடியும் போய்விடும். பாக்கெட் தொடையின் முன்பக்கம் இருந்தது. போனைப் போட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் போன் தொடையில் பட் பட் என்று அடித்தது. நிமிஷத்துக்கு எழுபது, எண்பது அடி. சொல்லிப் பயனில்லை, தபலா வாசித்த மாதிரி.

அதைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் 'உள்ளாடை வகை, திருப்பி எடுப்பதில்லை' என்று பதில். பேட் வைத்துத் தைத்தால் டவுசர் உள்ளாடையாகிவிடுகிறதாம். சரி, போகட்டும்.

மூன்றாவதுக்கு ஆன்லைன் பக்கமே போகாமல் கடைக்குப் போனேன். கோயம்புத்தூரில் பெரிய விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. டெக்கத்லானின் ராக்ரைடர் வகையில் தொடங்குவதுதான் நம் ஊரில் பெரும்பாலானோருக்கு வழக்கம். வெளிநாட்டில் ஃபாக்ஸ், ட்ராய் லீ டிசைன்ஸ், ரேஸ் ஃபேஸ் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் எண்டூராவின் ஹம்வீ போட்டு ஓட்டுகிறான். ஸ்காட்லாந்துக் கம்பெனி. கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் ரிப்ஸ்டாப் நைலான், உள்ளே பேட் வைத்த லைனர், அதாவது உள்டவுசர், தனியாக, பிரஸ் பட்டனில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி. அவன் லீவுக்கு வந்தபோது அதை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தேன். தையல் நேர்த்தியைப் பார்த்து எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கிற கியூ.சி. ஆள் கண்ணீர் விடுவார். ஆனால் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்து இங்கே வரவழைக்கும் விலைக்கு எனக்கு இரண்டு டயர் வந்துவிடும். அதில் நான் எடுத்துக்கொண்டது ஒரே பாடம்தான், டவுசர் வேறு, பேட் வேறு.

சரி, கடையில் நான் என்ன செய்தேன் என்பதை விவரமாகவே சொல்கிறேன், கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து. டவுசரை எடுத்ததும் முன்பக்கத்தைப் பார்க்காமல் உள்ளே திருப்பிக் கவட்டியைப் பார்த்தேன். அங்கே நாலு தையல் கூடாமல், சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். அந்தத் துண்டு இருந்தால் தையல்கள் தொடைப் பக்கம் நகர்ந்துவிடும், உட்காருகிற இடம் வெறும் துணியாக இருக்கும், காலை அகட்டினாலும் கிழியாது. தொங்குகிற கவட்டியும் குறையும், சீட்டில் மாட்டாது. இந்த ஒன்று இல்லை என்றால் மற்ற பெருமைகளைப் படிக்காமல் மாட்டிவிட்டு வந்துவிடலாம். அப்புறம் பாக்கெட் வாய் முனைகளில் பார்டேக் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன், அதாவது நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய அந்தச் சின்னப் பட்டைத் தையல். அது இல்லாத பாக்கெட் நாலு தடவை கை விட்டால் பிரியும்.

துணியைப் போன் டார்ச்சுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் சல்லடை மாதிரி வந்தால் நெசவு தளர்வு, முள் நூலை இழுக்கும். குறுக்கே, நெடுக்கே இரண்டு பக்கமும் இழுத்து விட்டேன். விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும், மெல்ல மெல்ல வந்தால் ஆறு மாதத்தில் பின்புறம் பை மாதிரி தொங்கும். லேபிளில் நைலான் 90, எலாஸ்டேன் 10 என்றிருந்தது. எலாஸ்டேன் என்பதும் ஸ்பான்டெக்ஸ் என்பதும் லைக்ரா என்பதும் ஒரே சாமான்தான், கடைசியில் சொன்னது பிராண்ட் பெயர். பாலியஸ்டரை விட நைலான் கொஞ்சம் மெதுவாகக் காயும், ஆனால் உராய்வு தாங்கும், நாற்றமும் குறைவு. பையை முதுகில் மாட்டிக்கொண்டு சீட்டில் தேய்ப்பவனுக்கு நைலான்தான்.

டிரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்ப்பது வீண். சைக்கிள் டவுசர் நிற்பதற்குத் தைத்தது இல்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன், ஒரு காலைப் பெஞ்ச் மேல் வைத்து முன்னால் குனிந்தேன். பின்பக்க இடுப்புப் பட்டி முன்பக்கத்தை விட உயரமாக வெட்டியிருந்தால்தான் குனியும்போது முதுகு தெரியாது. இதை என் மனைவி வாசலில் நின்று பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தாள். கடைசியாக டெமோ சைக்கிள் ஒன்று நின்றது, அதில் ஏறி உட்கார்ந்தேன். கடைப் பையன் ஓடி வந்து, "சார், பில் போட்டுட்டு ஏறுங்க" என்றான். பில் போட்டேன், 2,499.

நீளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வெளிநாட்டுக்காரர் எழுதுகிற அறிவுரை நமக்குத் தலைகீழாகப் பொருந்துகிறது. கவட்டியிலிருந்து கால் விளிம்பு வரைக்கும் உள்ள அளவு, நாங்கள் இன்சீம் என்போம். மலைச் சைக்கிள் டவுசருக்கு அது 11 முதல் 14 அங்குலம் வரை வரும். முட்டிக் கவசம் போட்டால் கவசத்துக்கும் துணிக்கும் நடுவில் தோல் தெரியக் கூடாது என்பதற்காக. தினசரிக்குப் போட அங்கே அதை நீளம், அசிங்கம் என்பார்கள், 7 அங்குலம், 8 அங்குலம்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்பார்கள். நம் ஊரில் 7 அங்குல டவுசரோடு பேங்க்குக்குப் போய் நில்லுங்கள் பார்க்கலாம். அரை டவுசர் பையன் என்ற பட்டம் வீடு வரை கூட வரும். நிற்கும்போது முட்டியை மூடினால் அது 'முக்கால் பேன்ட்', மரியாதைப்பட்ட உடுப்பு. முட்டி தெரிந்தால் 'டவுசர்'. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குலம்தான், ஆனால் பால் சொசைட்டி செயலாளர் உங்களை 'வாங்க' என்பதா 'வா' என்பதா என்பது அந்த அங்குலத்தில் இருக்கிறது. என் மூன்றாவதின் இன்சீம் 13. உட்கார்ந்து மிதிக்கும்போது முட்டிக்கு மேலே ஏறும், இறங்கி நின்றால் முட்டியை மூடும். நான் ஐந்தடி ஏழங்குலம், உங்கள் உயரத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு மட்டும் எந்த நீளமும் உதவாது. மருதமலைப் பக்கம் போகிற நாளில் பையில் ஒரு வேட்டி மடித்து வைத்துக்கொள்வேன், டவுசருக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம்.

இப்போது பதினாலு மாதம் ஓடிவிட்டது. சமையலறைத் தராசில் 260 கிராம். பேட் தைத்த அந்த இரண்டாவது 380. கரும் சாம்பல் நிறம், இதை யோசித்துதான் எடுத்தேன். கறுப்பில் வியர்வை காய்ந்தால் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோலம் போடும், காக்கியில் செம்மண் கறை ஏறினால் போகாது, சாம்பலில் இரண்டும் பாதிதான் தெரிகிறது. துணிமேல் தண்ணீர் உருண்டோடுகிற பூச்சு இருந்தது, முதல் பத்துத் துவைப்புக்கு அழகாக உருண்டது, இப்போது பாதி உருள்கிறது, பாதி குடிக்கிறது. அது எல்லாப் பூச்சுக்கும் விதி. முள்ளில் இரண்டு இடத்தில் நூல் இழுத்திருக்கிறது, கிழியவில்லை. நாயுருவி ஒட்டுவது இந்த வழவழப்பான நெசவில் மிகக் குறைவு, தட்டினாலே உதிர்கிறது. காட்டன் கார்கோவில் ஒவ்வொரு ஞாயிறும் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

பாக்கெட் இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, ஜிப்போடு. அங்கே போன் வைத்தால் மிதிக்கும்போது தொடை அசைவில் மாட்டாமல் இருக்கிறது. கை விடுகிற சாதாரணப் பாக்கெட்டும் இரண்டு உண்டு. சில சைக்கிள் டவுசர்களில் இது இருப்பதே இல்லை, டீக்கடையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டும். சில்லறை, வீட்டுச் சாவி அதில்.

குறை இல்லாமல் இல்லை. நடந்தால் சரசரவென்று ஒரு சத்தம், நைலான் புத்தி. அமைதியான வீட்டில் ராத்திரி தண்ணி குடிக்கப் போனால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். இடுப்பில் முன்பக்கம் இரட்டை பிரஸ் பட்டனும் ஜிப்பும், பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட மறுநாள் பட்டன் கொஞ்சம் முனகுகிறது, இது டவுசரின் குறையா என்று சொல்ல முடியாது. உண்மையான குறை ஆடியில்தான் தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரில் அடிக்கும்போது தொளதொள டவுசர் பாய்மரம் மாதிரி உப்பிக்கொள்கிறது, ஆனைகட்டி ரோட்டில் எதிர்காற்றில் போகும்போது லைக்ரா போட்டவன் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனான். கால் விளிம்பில் சுருக்கிக்கொள்ள ஒரு கயிறோ பட்டனோ இருந்திருக்கலாம்.

உள்ளே போட லைனர் தனியாக 899. லைக்ரா மாதிரி ஒட்டிக்கொள்கிற உள்டவுசர், அதில் பேட். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிற நாளில் மட்டும் அது, பக்கத்துக் கடைக்குப் போவதென்றால் வெறும் டவுசர். இந்த ஒரு பிரிவினைதான் என் பிரச்சினையை முடித்து வைத்தது. லைனர் போட்டால் உள்ளே ஜட்டி போடக் கூடாது என்பதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். எங்கள் குழுவில் ஒருவன் கூச்சப்பட்டு ஆறு மாதம் ஜட்டிக்கு மேலேயே பேட் போட்டு ஓட்டி, "பேட் எல்லாம் சும்மா ஏமாத்து மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜட்டித் தையல்தான் உரசும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். பழைய காலத்தில் அந்த இடத்தில் ஆட்டுத்தோல் மாதிரி மெல்லிய தோல் வைத்துத் தைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் கிரீம் தடவிப் பதப்படுத்த வேண்டும். இப்போது எல்லாம் ஃபோம்தான், ஆனாலும் நீளப் பயணத்துக்குத் தொடை இடுக்கில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் உரசாது. கறை படும், லைனர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

பெண்கள் நிலைமை இதைவிடச் சிக்கல். எங்களோடு ஓட்டும் ஒரு தோழி சொல்வது: கடையில் பெண்களுக்கென்று தொங்குவது பெரும்பாலும் குட்டை, ஊரில் போட முடியாது, நீளமாக இருந்தால் பாக்கெட் இருக்காது. அவர் ஆண்கள் டவுசரில் சின்ன சைஸ் எடுத்து, லைனரை மட்டும் பெண்களுக்கானதாக வாங்கிக்கொண்டார். அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன், உட்காரும் எலும்புகளின் அகலம் வேறு என்பதால் பேட்டின் வடிவமும் வேறு, அதில் ஆண்களுடையது ஒத்துவராது.

திருப்பூரிலேயே எடுக்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், 'நீதான் திருப்பூர் ஆச்சே' என்று. அங்கே காதர்பேட்டைத் துணிச் சந்தையில் நல்ல டவுசர் மலிவாகக் கிடைக்கும், வீட்டில் நான் போடுவது எல்லாம் அங்கே எடுத்ததுதான். ஆனால் திருப்பூரின் கை பின்னலாடையில். பனியன் துணி என்பது வளையம் வளையமாகப் பின்னியது, இழுத்தால் எல்லாப் பக்கமும் போகும், முள் பட்டால் கண்ணி ஓடும், சீட்டில் தேய்ந்தால் பில்லிங் வந்து உருண்டை உருண்டையாக நிற்கும். சைக்கிள் டவுசருக்கு வேண்டியது தறியில் நெய்த துணி. ஓட்டப் பயிற்சிக்கு, தூங்குவதற்கு, காய்கறி வாங்குவதற்குத் திருப்பூர் டவுசரை அடிக்க ஆளில்லை. சீட்டில் ஏறாதவரைக்கும்.

முதலில் கிழிந்த அந்தக் கார்கோவைத் துடியலூர் டெய்லரிடம் கொடுத்துக் கவட்டியில் சாய்சதுரத் துண்டு வைக்கச் சொன்னேன். வைத்துக் கொடுத்தார், நாற்பது ரூபாய். இப்போது தோட்ட வேலைக்கு அதுதான். தைரியம் வந்து இரண்டாவதையும் எடுத்துப் போய், உள்ளே இருக்கும் வலையையும் பேட்டையும் பிரித்து எடுக்கச் சொன்னேன். "தம்பி, இந்தத் துணிக்கு மெல்லிசு ஊசி மாத்தோணும், தடி ஊசி போட்டா ஓட்டை ஓட்டையா நிக்கும்" என்றபடி பதினொன்றாம் நம்பர் ஊசி மாட்டினார். அது தெரிந்த டெய்லரிடம் மட்டும் இந்தத் துணியைக் கொடுங்கள். பேட் போன பிறகு அது நடமாட லாயக்கான டவுசராகிவிட்டது, வெல்க்ரோவை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

துவைக்கும்போது பச்சைத் தண்ணீர், சாதாரண சோப்பு போதும். கம்ஃபர்ட் வகைத் திரவம் வேண்டாம், துணியின் மேல் ஒரு படலம் விட்டு வியர்வை உறிஞ்சுவதைக் கெடுக்கும். வெயிலில் போடாமல் நிழலில் காயப் போட்டால் எலாஸ்டேன் கூட நாள் வரும். இஸ்திரி கிட்டே வரக் கூடாது.

போன மாதம் அதே மாடலில் இன்னொன்று எடுக்கலாம் என்று அதே கடைக்குப் போனேன். பெயர் அதே, படம் அதே. உள்ளே திருப்பிப் பார்த்தேன், கவட்டித் துண்டு இருந்தது. லேபிளில் பாலியஸ்டர் 92 என்றிருந்தது. மடித்து வைத்துவிட்டு, பக்கத்து ரேக்கில் பழைய ஸ்டாக் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். நைலான் ஒன்று கிடைத்தது, என் சைஸ்தான், ஆனால் பளீரென்ற கிளிப்பச்சை. வாங்கிவிட்டேன். "ஏனுங்க, இதப் போட்டுட்டு டீக்கடைக்குப் போவீங்களா?" என்று மனைவி கேட்கிறாள். மாஸ்டர் என்ன சொல்லப் போகிறார் என்று வரும் ஞாயிறு தெரியும்.